அரைமணி வலியும் ஆறு வருஷ அலைச்சலும்



சென்ற இதழில் எலிக்காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் தலைவலியைப் பற்றி எழுதப்போகிறேன். "தலைவலிக்கு ஒரு பக்கமா? ரெண்டு பெனடால் போட்டா போச்சு" என்று நீங்கள் சொல்லலாம். இருபது வருஷத்துக்கு மேலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வருகிற நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லி ஒரு தம்பியை ஆறு வருஷம் அலையவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பி அப்போது எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். வயது முப்பதுக்குள். நல்ல திடகாத்திரமான ஆள். 2014-ஆம் வருஷம் தீபாவளி சமயம் காலைப் பெரட்டு முடிந்த கையோடு மருந்துக்கு வந்தார். வலது கண்ணுக்குப் பின்னால் வலி என்றார். நான் பார்த்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. பெனடால் கொடுத்து, புத்தகத்தில் 'ஒற்றைத் தலைவலி' என்று எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். அடுத்த வாரம் மறுபடி.

ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அவர் மனைவி என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஐயா, கொஞ்சம் வந்து பாருங்க ஐயா. லயத்தைச் சுத்திச் சுத்தி நடக்கிறாரு. செவுத்துல தலையை முட்டிக்கிறாரு. குடிச்சிட்டு ஆடுறாருன்னு பக்கத்து வீட்டுல பேசுறாங்க. மூணு வாரமா ஒரு சொட்டு தொடல ஐயா!" நான் சட்டையை மாட்டி, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர் வாசற்படியில் உட்கார்ந்து வரக்கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் விட்டுச்சு ஐயா" என்றார். வலது கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. கடைத்தூக்கத்தில் எழுப்பிவிட்டார்களே என்ற எரிச்சலில் அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. எம்.சி. வாங்குவதற்கு நடிக்கிறாரோ என்றுகூட மனதில் ஓடியது. உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஏழெட்டு வாரத்தில் வலி தானாக நின்றுவிட்டது. அதற்குள் அவர் அம்மா ஒரு பூசாரியிடம் தாயத்து வாங்கிக் கட்டியிருந்தார். தாயத்துக்குத்தான் பேர் கிடைத்தது. அடுத்த வருஷம் தீபாவளியை ஒட்டி அதே கண், அதே ராத்திரி நேரம். இரண்டு வருஷமும் தீபாவளி சமயத்தில் வந்ததால், செத்துப்போன அப்பாவுக்குத் திதி கொடுக்காத குறை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள்.

2016-இல் அவர் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை தேடிக்கொண்டார். நம்ம ஜோகூர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போகிறார்களே, அதுபோல விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிற வேலை. வலியும் கூடவே பாலம் தாண்டியது. 2017-இல் வந்தபோது வலி மேல்தாடைக்கும் இறங்கியது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பல் வைத்தியர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து அந்த முறைக்கான காலம் முடிந்து வலி நின்றபோது, பல்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 2018-இல் மூக்கடைப்பும் மூக்கில் நீரும் சேர்ந்து வந்ததால் 'சைனஸ்' என்று ஒரு கிளினிக்கில் மூன்று தடவை ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் 'தலையில நீர் கோத்துக்கிச்சு' என்று நொச்சி இலை ஆவி, மஞ்சள் புகை, சுக்குப் பத்து. கண்ணாடி மாற்றிப் பார்த்தார். கோடாலித் தைலம் போட்டுப் போட்டு நெற்றித் தோல் கறுத்தே போய்விட்டது.

2020 மார்ச்சில் பாலம் மூடப்பட்டபோது அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். லிட்டில் இந்தியாவில் ஓர் அறையில் நாலு பேரோடு தங்கினார். அந்த வருஷக் கடைசியில் வலி வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அறைக்குள் நடக்கமுடியாமல், படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாராம். கூட இருந்த தஞ்சாவூர்க்காரத் தம்பி ஒருவர் பயந்துபோய் டாக்சி பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். அதிர்ஷ்டவசமாக அங்கே போய் உட்கார்ந்த பின் அன்றைய ராத்திரியின் இரண்டாவது வலி வந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வலி நடக்கும்போதே ஒரு டாக்டர் கண்ணால் பார்த்தார்! வலது கண் சிவந்து கண்ணீர் ஒழுகியது, இமை தொங்கியது, வலது மூக்கில் மட்டும் நீர். அந்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "வலி வந்தால் படுப்பீர்களா, நடப்பீர்களா?" "படுக்க முடியாது டாக்டர், படுத்தா கண்ணைத் தோண்டி எடுக்கிற மாதிரி இருக்கு" என்றிருக்கிறார். வியாதிக்குப் பேர் அப்போதுதான் கிடைத்தது.

இதை இங்கிலீஷில் கிளஸ்டர் தலைவலி என்பார்கள். தமிழில் கொத்துத் தலைவலி. ரம்புத்தான் மரத்தைப் பாருங்கள். சீசன் வந்தால் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், சீசன் போனால் மரம் சும்மா நிற்கும். இந்த வலியும் அப்படித்தான். சில வாரங்கள் அல்லது இரண்டு மூன்று மாதம் தினமும் வரும். பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட வராது. சிலருக்கு மட்டும் ஓய்வே இல்லாமல் வருஷம் முழுவதும் நீடிக்கும். ஒரு வலி 15 நிமிஷத்திலிருந்து 3 மணி நேரம் வரை இருக்கும். இரண்டு நாளைக்கு ஒன்று முதல் ஒரு நாளைக்கு எட்டு வரை வரலாம். பெரும்பாலும் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில், கடிகாரம் வைத்தாற்போல் அதே நேரத்துக்கு எழுப்பும். கண்ணைச் சுற்றியோ பொட்டிலோ ஒரே பக்கம்தான். அந்தப் பக்கத்துக் கண்ணும் மூக்கும் சேர்ந்து அழும்.

இங்கேதான் நம்ம தமிழே நம்மை ஏமாற்றுகிறது. மைக்ரேன் என்பதற்கு 'ஒற்றைத் தலைவலி' என்று பேர் வைத்துவிட்டோம். ஆகவே தலையில் ஒரு பக்கம் வலிக்கிறது என்று யார் சொன்னாலும் அதே பேரைப் போட்டுவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் இரண்டுக்கும் ரொம்ப வித்தியாசம். மைக்ரேன்காரர் நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை அவதிப்படுவார். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, அசையாமல் படுத்துக் கிடப்பார். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே முடியாது. நடப்பார், ஆடுவார், தலையைக் கையால் அடித்துக்கொள்வார். தொழிலாளர் பாஷையில் சொன்னால் ஒருவர் பாயைத் தேடுவார், மற்றவர் வாசலைத் தேடுவார். இன்னொன்றும் இருக்கிறது. முகம் கழுவினாலோ மென்றாலோ கரண்ட் அடித்தாற்போல் சில நொடி வெட்டி இழுக்கிற முகநரம்பு வலி. அது வேறு வியாதி, அதற்கு மருந்தும் வேறு.

பல் ஏன் வலித்தது என்று கேட்பீர்கள். முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற ஐந்தாவது நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து ஒன்று கண்ணுக்கும் நெற்றிக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்பல்லுக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் போகிறது. வேரில் தீ பிடித்தால் கிளை எல்லாம் சுடும். கடிகார நேரத்துக்கு வருவதன் காரணம் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி. தூக்கம், விழிப்பு, பசி எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிற உடம்பின் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. 1998-இல் லண்டனில் நோயாளிகளுக்கு வலி வரும்போதே மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடம்தான் வேலை செய்வது தெரிந்தது. ஆகவே இது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை.

வியாதி புதிதல்ல. 1926-இல் லண்டனில் வில்பிரட் ஹாரிஸ் எழுதினார். 1939-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயர்ட் ஹார்ட்டன் எழுதினார். ரொம்ப காலம் இதற்கு 'ஹார்ட்டன் தலைவலி' என்றே பேர். இருந்தும் டாக்டர்களே தவறவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 230 நோயாளிகளை விசாரித்து பாஹ்ரா, கோட்ஸ்பி என்ற இரண்டு டாக்டர்கள் 2004-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 1960-களில் வியாதி தொடங்கியவர்களுக்குச் சரியான பேர் கிடைக்கச் சராசரி 22 வருஷம் ஆனது! 1990-களில் தொடங்கியவர்களுக்கு அது இரண்டரை வருஷமாகக் குறைந்தது. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு 2003-இல் வந்த ஆய்விலும் நடுவாகப் பார்த்தால் மூன்று வருஷத் தாமதம். அவர்களில் மூன்றில் ஒருவர் முதலில் பல் வைத்தியரிடமும், ஏறக்குறைய அதே அளவு பேர் காது மூக்கு டாக்டரிடமும் போயிருந்தார்கள். நம்ம தம்பியின் கதை ஐரோப்பாவிலும் அப்படியே நடந்திருக்கிறது. அவ்வளவு வசதி உள்ள ஊரிலேயே இப்படி.

சிங்கப்பூரில் வீடு வீடாகக் கேட்டு 2003-இல் வந்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வாழ்நாளில் தலைவலி கண்டவர்கள் என்றும், நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மைக்ரேன் என்றும் கண்டார்கள். கொத்துத் தலைவலியோ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். தலைவலி என்று வருகிற பெருங்கூட்டத்தில் அந்த ஒருவர் காணாமல் போய்விடுகிறார். அவர் பகலில் கிளினிக்குக்கு வரும்போது வலியே இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கிளினிக் திறந்திருக்கிறது? ஒவ்வொரு தடவையும் வேறு கிளினிக், வேறு டாக்டர் என்றால் முந்தின வருஷக் கதையை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வந்தால் மைக்ரேன் என்று எழுதிவிடுவது சுலபம். பெண்களுக்கு வந்தால் இன்னும் கஷ்டம், ஏனென்றால் இது ஆம்பளை வியாதி என்று பழைய புத்தகங்களில் இருந்தது. 1960-களில் ஆறு ஆணுக்கு ஒரு பெண் என்றார்கள். பின்னால் வந்த கணக்குகளில் மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று இடைவெளி குறைந்துவிட்டது.

வேலை போய்விடும் என்ற பயமும் ஒரு காரணம். பெர்மிட்டில் இருக்கிறவர் சூப்பர்வைசரிடம் வியாதியைச் சொல்லமாட்டார். தோழர்களே, சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் தொழிலாளியின் வைத்தியச் செலவுக்கு முதலாளிதான் பொறுப்பு. இது பெர்மிட்டின் நிபந்தனை. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அந்த ஊர்ப் பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் முதலில் பாலிகிளினிக்குப் போய், அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஸ்பெஷலிஸ்டிடம் போனால் அரசாங்கச் சலுகைக் கட்டணம் கிடைக்கும். நேராகப் போனால் கிடைக்காது. மூளை நரம்புக்கென்றே 1999-இல் தொடங்கிய தேசிய நரம்பியல் கழகம் டான் டோக் செங் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது, லிட்டில் இந்தியாவிலிருந்து தூரமில்லை. நம்ம பக்கத்தில் இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

போகும்போது வெறுங்கையாகப் போகாதீர்கள். வீட்டுச் சுவரில் ராகுகாலம் பார்க்கிற காலண்டர் மாட்டியிருப்பீர்களே, அதிலேயே எழுதுங்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு விட்டது, எந்தப் பக்கம், கண் சிவந்ததா, மூக்கு ஒழுகியதா, படுத்தாரா நடந்தாரா, அன்றைக்குக் குடித்தாரா. இரண்டு வாரம் எழுதினால் போதும். அதைவிட மேலானது, வலி நடக்கும்போது மனைவியோ அறைத் தோழரோ கைப்போனில் முகத்தை ஒரு நிமிஷம் படம் பிடித்து வைப்பது. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்லமுடியாததை அந்தப் படம் சொல்லிவிடும். 2014-இல் இந்த யோசனை எனக்கு வந்திருந்தால் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்கும்.

வைத்தியத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு உறுத்துகிறது. இந்த வலியை நிறுத்துகிற முதல் மருந்து ஆக்சிஜன். சாதாரண ஆக்சிஜன் சிலிண்டர்! எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி மூலையில் அவசரத்துக்கென்று ஒன்று எப்போதும் நிற்கும். தம்பி உட்கார்ந்து பெனடால் வாங்கிப்போன பெஞ்சுக்கும் அதற்கும் பத்தடி தூரம். 2009-இல் இங்கிலாந்தில் நடந்த பரிசோதனையில், ஆக்சிஜன் பிடித்த வலிகளில் நூற்றுக்கு 78, பதினைந்து நிமிஷத்தில் அடங்கின. வெறும் காற்றைப் பிடித்ததில் 20 மட்டுமே. மூக்கில் மாட்டுகிற சின்னக் குழாயில் இரண்டு மூன்று லிட்டர் வைத்தால் பிரயோஜனமில்லை. பை வைத்த முகமூடியில் நிமிஷத்துக்கு 12 முதல் 15 லிட்டர், உட்கார்ந்தபடி, பதினைந்து இருபது நிமிஷம் பிடிக்கவேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இதைச் செய்யலாம். நெடுநாள் சிகரெட் குடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் நெருப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது.

சுமாட்ரிப்டான் என்ற ஊசியும் வலியைச் சீக்கிரம் நிறுத்தும். இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வலி வராமல் தடுக்க வெரபமில் என்ற மாத்திரையைத் தினமும் கொடுப்பார்கள். அது இருதயத் துடிப்பை மெதுவாக்கும் என்பதால் இடையிடையே இ.சி.ஜி. எடுக்கவேண்டும். "என் அண்ணன் சாப்பிடுற மாத்திரைதானே" என்று ஒருவருடையதை மற்றவர் விழுங்காதீர்கள். வெரபமில் வேலை செய்யத் தொடங்கும்வரை சில நாட்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. அது டாக்டர் சொன்ன நாளோடு நிற்கவேண்டும். தலையை ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதும் வழக்கம், ஏனெனில் மூளையின் அடியில் சுரப்பிக் கட்டி இருந்தாலும் சிலசமயம் இதே மாதிரி வலி வரும்.

பெனடால் ஏன் கேட்கவில்லை? மாத்திரை கரைந்து வேலை செய்ய அரைமணிக்கு மேல் ஆகும், அதற்குள் வலி தன் பாட்டுக்கு முடிந்துவிடும். கேட்டது மாத்திரை என்று நினைத்து அடுத்த வலிக்கு மறுபடி போடுவோம். அந்தத் தம்பி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வரை விழுங்கியிருக்கிறார். 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் ஈரலைக் கெடுக்கும்.

குடியைப் பற்றியும் சொல்லவேண்டும், பிரசங்கமாக அல்ல. சீசன் நடக்கும்போது ஒரு கிளாஸ் பியரோ கள்ளோ போதும், ஒரு மணி நேரத்துக்குள் வலியைக் கூப்பிட்டுக் கொடுக்கும். சீசன் இல்லாதபோது அதே பியர் ஒன்றும் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு குடித்தால் வலிக்கிறது, வேறு மாதத்தில் குடித்தால் வலிக்கவில்லை என்பதால் "குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல ஐயா" என்று தம்பி என்னிடம் சண்டை போட்டிருக்கிறார். சம்பந்தம் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையும் இதேபோல் வலியைக் கிளப்பும். சிகரெட்டை விட்டால் இந்த வலி நிற்கும் என்று உறுதி சொல்லமுடியாது. விடுவதற்கு வேறு நூறு காரணம் இருக்கிறது.

எல்லா மண்டையிடியையும் கொத்துத் தலைவலி என்று எண்ணிக் காலண்டர் எழுதிக்கொண்டு உட்காரக்கூடாது. இடி விழுந்தாற்போல் ஒரு நிமிஷத்தில் உச்சத்துக்கு வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் விளங்காமை, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, கண் சிவந்து பார்வை மங்கி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, ஐம்பது வயதுக்குமேல் முதன்முதலாக வரும் புதுத் தலைவலி, வலி விட்ட பிறகும் தொங்கியே இருக்கும் இமை: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிங்கப்பூரில் 995, இங்கே 999.

இன்னொன்று, இதைத் தாய்மார்கள் கவனித்துப் படிக்கவேண்டும். இந்த வலி வருகிறவர்களுக்கு, இனி உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருவது உண்டு. தம்பியும் அந்தப் படிக்கட்டில் நின்று அப்படி நினைத்ததாக என்னிடம் பின்னால் சொன்னார். சீசன் காலத்தில் ராத்திரி அவரைத் தனியாக விடாதீர்கள். "நடிக்காதே" என்று சொல்லாதீர்கள். வெளியே அறை எடுத்துத் தங்கியிருப்பவர் வாய்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம்.

தம்பிக்குக் கடைசியாக வந்த சீசன் 2023-இல். முதல் வாரமே டாக்டர் வெரபமில் தொடங்கிவிட்டார், வீட்டில் சிலிண்டர் வைக்கவும் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் ராத்திரி அவர் மனைவி எனக்குப் போன் பண்ணினார். நான் பழையபடி டார்ச் லைட்டைத் தேடினேன். "வேண்டாம் ஐயா, வரவேணாம். மாஸ்க் மாட்டிட்டு உக்காந்திருக்காரு. பதிமூணு நிமிஷம் ஆச்சு, அடங்கிட்டுது. உங்ககிட்ட சொல்லணும்னு சொன்னாரு" என்றார்.

உங்கள் தோட்டத்தில் ராத்திரியில் நடக்கிற ஆள் யாராவது இருந்தால் சங்கக் கிளைச் செயலாளர் மூலம் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பாம்புக்கடி.